மறுபக்கத் தையல்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் 'விண்வெளித்துறையில் சாதித்த எங்கள் மாணவி' என்று அச்சடித்திருக்கிறீர்கள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் ஏமாறக்கூடாது. நாங்கள் விண்வெளிக்குப் போனவர்கள் அல்ல. பொறியியலாளர்களும் அல்ல. புளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி நிலையத்தில், விண்ணோடங்களுக்குத் தையல் வேலை செய்தவர்கள்.

இந்தப் பேச்சு முழுக்க 'நாங்கள்' என்றுதான் வரும். அது மரியாதைப் பன்மை இல்லை. அந்த அறையில் எந்தத் துண்டையும் ஒருத்தி தனியாக முடித்ததில்லை. ஒருத்தி வெட்டுவாள், ஒருத்தி தைப்பாள், இன்னொருத்தி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து முத்திரை குத்துவாள். வியட்நாமில் இருந்து வந்தவர், போட்டோ ரீக்கோவில் இருந்து வந்தவர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்று பலர் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து போனது ஒரு ஆள்.

விண்ணோடத்துக்குத் தையல் எதற்கு என்று கேட்பீர்கள். பூமிக்குத் திரும்பும்போது காற்று அதைச் சுடும். சிறகின் முன்விளிம்பு 1,600 பாகை செல்சியசையும் தாண்டும். அங்கே காபன் தகடுகள் இருக்கும், ஒரு சிறகுக்கு 22. வயிற்றுப் பக்கத்தில் சிலிக்கா ஓடுகள். கொலம்பியாவில் அவை 24 ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், தனி எண். சூடு குறைந்த மேற்பக்கங்களில் போர்வை. இரண்டு கண்ணாடிநார்த் துணிகளுக்கு நடுவே சிலிக்காப் பஞ்சு வைத்து, ஓர் அங்குலச் சதுரங்களாகத் தைப்பது. எங்கள் அம்மம்மா பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையில் இருந்து அதிக தூரம் இல்லை. ஓடுகளின் இடுக்குகளுக்குள் செருகும் துணி நிரப்பிகளும் அதே அறையில்தான் தைபட்டன.

இந்தக் கல்லூரியின் மனையியல் அறை எங்களில் பலருக்கு நினைவிருக்கும். தையல் ரீச்சர் துணியை வாங்கியதும் முதலில் மறுபக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பா. முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, மறுபக்கத்தில் நூல் முடிச்சுத் தெரிந்தால் கத்தரிக்கோல் வரும். அழுதுகொண்டு பிரித்துத் தைத்தோம். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை அங்கே இருந்த மேற்பார்வையாளரும் அதையே செய்தார். போர்வையின் மறுபக்கம் விண்ணோடத்தின் உடலோடு ஒட்டப்படும். ஒட்டிய பிறகு அதை யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் முதலில் அதைப் பார்க்கிறேன் என்றார்.

இனி 2003.

கொலம்பியா ஜனவரி 16இல் புறப்பட்டது. அதன் 28ஆவது பயணம். ஏழு பேர்: றிக் ஹஸ்பண்ட், வில்லியம் மக்கூல், மைக்கல் அண்டர்சன், டேவிட் பிறவுண், லோறல் கிளார்க், இலான் ரமோன், கல்பனா சாவ்லா. கல்பனாவை எங்கள் சொந்தக்காரியா என்று அறையில் கேட்டார்கள். கர்னால் எங்கே, கந்தர்மடம் எங்கே! இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் ஓம் என்று சொல்லிவிட்டோம். 1997இல் அவர் முதல்முறை பறந்ததும் கொலம்பியாவில்தான்.

பெப்ரவரி முதலாம் திகதி, சனிக்கிழமை. காலை 9.16க்குத் தரையிறங்க வேண்டும். விண்ணோடம் இறங்க மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது வானத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடியோசை கேட்கும். ஒலியை விட வேகமாக வருவதால் எழும் சத்தம். வெடிச்சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்து பழகிய எங்களுக்கு, ஒரு சத்தத்தைக் கேட்பதற்காகத் தேநீர்க் கோப்பையோடு முற்றத்தில் வந்து நிற்கப் பழகுவதற்கே சில வருடங்கள் ஆயின. எங்களில் சிலர் ஓடுபாதைப் பக்கம் போயிருந்தார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டு முற்றத்தில்.

சத்தம் வரவில்லை.

9.16 ஆனது. முற்றத்தில் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. 9.20. தொலைக்காட்சியில் ரெக்சாஸ் வானத்தைக் காட்டினார்கள். ஒரு வெள்ளைக் கோடு பல கோடுகளாகப் பிரிந்து போனது. தொலைபேசி அடித்தது. எடுத்தால் மறுமுனையில் பேச்சில்லை, அழுகை மட்டும். யார் எடுத்தது என்று இன்றுவரை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த ஏழு பேரில் சிலரின் பிள்ளைகள் அங்கே ஓடுபாதை ஓரத்தில் காத்து நின்றார்கள் என்பதை நினைத்து அழுதோம். அது உண்மை. ஆனால் அதற்கு அடுத்து வந்த நினைப்பையும் இங்கே மறைக்கக்கூடாது. எங்கள் தையலாக இருக்குமோ?

அன்றே எல்லாப் பதிவேடுகளும் பூட்டி முத்திரையிடப்பட்டன. இடது சிறகின் உணர்கருவிகள்தான் முதலில் ஒவ்வொன்றாக அடங்கின என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு நித்திரை இல்லை. இடது பக்கத்துக்குப் போன துண்டுகள் எவை, எந்த மாதம் தைத்தோம், அன்று யாருக்குத் தலைவலி, யார் அவசரமாக வீட்டுக்குப் போனது. நூல் அறுந்து திரும்பத் தொடங்கிய ஓர் இடம் கனவில் வரும். அறையில் யாரும் இதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் சிவந்திருந்தது. ஒருத்தி மட்டும் மதிய உணவு வேளையில், "நான்தான் என்றால் சொல்லிவிடுவார்களா, இல்லாவிட்டால் பேப்பரில் பார்த்துத்தான் அறிய வேண்டுமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

சிதறிய துண்டுகளை ரெக்சாசிலும் லூயிசியானாவிலும் 25 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நடந்து தேடினார்கள். காடு, சேறு, முள். தேடப்போன ஹெலிகொப்டர் ஒன்று விழுந்து இரண்டு பேர் இறந்ததும் அந்த மார்ச் மாதத்தில்தான். ஏறக்குறைய 84 ஆயிரம் துண்டுகள் கிடைத்தன. விண்ணோடத்தின் எடையில் 38 வீதம். அவை லொறிகளில் வந்து சேர்ந்த இடம் அதே ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கொட்டகை. நிலத்தில் கட்டம் கீறி, எந்தத் துண்டு உடலில் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் வைத்தார்கள்.

வெப்பக் காப்புத் துண்டுகளை அடையாளம் காண எங்களிலும் சிலரை அழைத்தார்கள். சில ஓடுகளில் எண் மிஞ்சியிருந்தது. பெரும்பாலானவை கரி. பயணிகள் பகுதித் துண்டுகள் வேறாக, மறைப்புக்குள் இருந்தன. அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. ஒருநாள் கை அகலப் போர்வைத் துண்டு ஒன்று மேசைக்கு வந்தது. முன்பக்கம் முழுக்கக் கருகியிருந்தது. திருப்பினோம். மறுபக்கத்தில் ஓர் அங்குலச் சதுரங்கள், நான்கோ ஐந்தோ, தையல் அசையாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற தோழி கையுறையோடு அதைத் தடவினாள். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் அதன் சீட்டை எழுதிக் கட்டத்தில் வைத்தோம்.

மார்ச் 19இல் ரெக்சாஸ் காட்டில் பதிவுக்கருவி ஒன்று கிடைத்தது. அதன் நாடா பழுதாகவில்லை. சூடு இடது சிறகின் முன்விளிம்பால் உள்ளே புகுந்தது என்பது அதிலும் கொட்டகையில் கிடந்த காபன் தகடுகளிலும் தெரிந்தது. புறப்பட்டு 82 விநாடி இருக்கும்போது வெளித்தாங்கியில் இருந்து நுரைத் துண்டு ஒன்று உடைந்து சிறகில் அடித்திருந்தது. முக்கால் கிலோ நிறை. குளிர்பெட்டிக்குள் வைக்கும் அட்டை போன்ற சாமான். அது போய்க் காபனை உடைக்குமா என்று பெரியவர்களே நம்பவில்லை. யூலையில் சான் அன்ரோனியோவில் அதே அளவு நுரையை அதே வேகத்தில் எட்டாம் தகட்டின் மேல் அடித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் ஓட்டை விழுந்தது.

எங்கள் தையல் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த அன்று அறையில் ஒருத்தி மெல்லச் சிலுவைக்குறி இட்டாள். எங்களுக்கும் மூச்சு வந்தது. வந்த மறுநிமிடம் வெட்கமாகவும் இருந்தது. ஏழு பேர் போன இடத்தில் என்ன நிம்மதி?

ஓகஸ்டில் விசாரணைச் சபையின் அறிக்கை வந்தது. நுரையைப் பற்றி எழுதிய அளவுக்கு மனிதரைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். முந்திய ஒக்ரோபர் பயணத்திலும் நுரை உடைந்து விழுந்திருந்தது. அதன் பிறகும் பறக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். கொலம்பியா மேலே இருக்கும்போதே, சிறகைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று பொறியியலாளர்கள் மூன்று தடவை கேட்டும் படம் எடுக்கப்படவில்லை. இதைப் படித்தபோது எங்களுக்கு வந்தது கோபம். எங்கள் அறையில் ஊசிமுனை ஒன்று உடைந்து காணாமல் போனால், அது அகப்படும்வரை முழுப் போர்வையையும் பிரிப்போம். ஒன்றரை நாள் வீணானாலும் பிரிப்போம். முணுமுணுப்பு இருக்கும், ஆனால் பிரிப்போம். படம் எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். தெரியாமலே இருந்துவிட்டோம் என்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நாங்கள் நல்லவர்களாகவே இருந்திருப்போம். 2005 யூலையில் டிஸ்கவரி பறந்தது. கட்டளை அதிகாரி ஐலீன் கொலின்ஸ் என்ற பெண். இம்முறை மேலே வைத்தே வயிற்றுப் பக்கம் முழுவதையும் படம் எடுத்தார்கள். ஓடுகளின் இடையில் இருந்து இரண்டு துணி நிரப்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஓர் அங்குலம் அளவில். அப்படியே இறங்கினால் அந்த இடம் அதிகம் சூடாகலாம்.

துணி நிரப்பி எங்கள் அறைச் சாமான். ஒட்டியவர்கள் வேறு, தைத்தவர்கள் வேறு என்று சொல்லலாம். யாரும் சொல்லவில்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி ஸ்ரீவன் றொபின்சன் இயந்திரக் கையின் நுனியில் நின்று வயிற்றுக்குக் கீழே போனார். அறையில் தொலைக்காட்சியைச் சுற்றி நின்றோம். வெட்டிக் கழிக்க ரம்பம் போன்ற கருவி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார்கள். அவர் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தார். வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. எங்கள் மூத்த தையற்காரி கதிரையில் இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மறுபக்கம் தெரிந்துவிட்டது" என்றாள்.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் தைத்தோம். நிரப்பிகளைப் பொருத்தும் முறை இன்னும் இறுக்கமானது, பரிசோதனைகள் கூடின. கண் மங்கியதால் சிலர் இடையில் விலகினார்கள்.

கடைசிப் பயணம் அட்லாண்டிஸ். 2011 யூலை 21, விடிவதற்கு முன் 5.57க்கு இறங்கியது. எங்களில் பலர் அதற்குள் வேலைநீக்கக் கடிதம் வாங்கியிருந்தோம். ஆனாலும் எல்லோரும் இருட்டில் முற்றத்தில் வந்து நின்றோம். கையில் தேநீர். முதல் சத்தம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டோம். இரண்டாவதும் வந்தது.