மரத்திற்குச் செய்யும் உபயம்

(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற அன்பர்கள் கூட்டத்தில் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் சமயச் சொற்பொழிவு கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இவ்வாண்டு மரம் வளர்ப்பதைப் பற்றிப் பேசும்படி தலைவர் என்னைப் பணித்தார். விழாவுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரசாதத்தோடு ஒரு மரக்கன்றும் வழங்குவதென்று செயலவை முடிவு செய்திருக்கிறது. கன்றை வாங்கிச் செல்வது எளிது. அதை வாழவைப்பது அவ்வளவு எளிதன்று. ஆகவேதான் இந்தச் சில வார்த்தைகள்.

மரத்தைப் பற்றிப் பேசுவதும் சமயம் பேசுவதுதான். சிதம்பரத்துக்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு வெண்ணாவல் என்று தலந்தோறும் ஒரு மரத்தை வைத்தே நம் முன்னோர் இறைவனை அடையாளம் கண்டனர். தில்லை உப்பங்கழியில் வளரும் மரம். பிச்சாவரத்தில் உள்ள அதே மரம் நம் பேரா மாநிலத்து மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலும் வளர்கிறது. நாம் வாழும் நகரமோ ஒரு மரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. பூர்வகுடி மக்கள் தங்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவிய நஞ்சுப்பால் ஈப்போ மரத்தினுடையது. அம்மரம் ஒன்றை ஈப்போ இரயில் நிலையத்துக்கு எதிரில் இன்றும் காணலாம்.

நம் பாட்டன் பாட்டியரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததும் ஒரு மரந்தானே! 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட முதல் பால்மரங்களில் ஒன்றெனப் போற்றப்படும் மரம் அவ்வூரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அந்த மரத்தின் வழிவந்த காடுகளில்தான் நம்மவர்கள் மூன்று தலைமுறை நிரை பிடித்தார்கள்.

ஒரு தவறும் ஒரு கேள்வியும்

அன்பர்களே, மரத்தைப் பற்றி உங்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு ஒரு தவற்றினால் வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் அம்மன் கோயிலும் அதன் முன்னால் ஒரு பெரிய வேப்ப மரமும் இருந்தன. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறியபோதும் கோயிலும் மரமும் தப்பின. அந்த மகிழ்ச்சியில் திருப்பணி தொடங்கினோம். மரத்தைச் சுற்றி மேடை கட்டினால் அழகாக இருக்குமென்று முன்மொழிந்தவன் நான். நன்கொடை வேண்டுகோளை எழுதியவனும் நான். ஆயுள் முழுவதும் பால்மரம் சீவிய ஒரு மூதாட்டி, தம் சேமிப்பிலிருந்து மேடைக்கான உபயத்தை ஏற்றுக்கொண்டார். அடிமரத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு மண் கொட்டி, மேலே சிமெண்டு பூசி, பளிங்குக் கல் பதித்தோம். விளக்குச் சரம் தொங்கவிட மரத்தில் ஆணிகளும் அடித்தோம்.

மூன்றாம் ஆண்டில் உச்சிக் கிளைகள் காய்ந்தன. ஐந்தாம் ஆண்டில் ஒரு மழை இரவில் மரம் சாய்ந்து மண்டபத்தின் தகரக் கூரையை நொறுக்கியது. அம்மன் அருளால் அந்நேரம் உள்ளே யாருமில்லை. மறுநாள் அறுக்க வந்தவர் மேடையை உடைத்துக் காட்டினார். மண்ணுக்குள் புதைந்திருந்த பட்டை முழுதும் அழுகியிருந்தது. சிறு வேர்கள் கையில் பிடித்தால் தூளாகின.

அப்போது அந்தத் தாயார் என் பக்கம் திரும்பி, "வாத்தியாரு தம்பி, என் காசுதான் மரத்தக் கொன்னுடுச்சா?" என்று கேட்டார். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டாலும் பதில் சொன்ன எனக்கு அன்று வாய் வரவில்லை. காசு கொல்லவில்லை, என் அறியாமைதான் கொன்றது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் இன்று நம்மிடையே இல்லை. அந்தப் பதிலை இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன்.

வேருக்கும் மூச்சு உண்டு. உணவும் நீரும் எடுக்கும் சிறு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அதன்மேல் மண்ணையும் சிமெண்டையும் போடுவது மனிதன் முகத்தில் தலையணையை அழுத்துவதற்கு ஒப்பாகும். அடிமரத்தின் பட்டையோ காற்றில் உலர்ந்திருக்க வேண்டியது. ஈரமண்ணுக்குள் அது நிலைக்காது.

முதலில் இடம், பிறகு மரம்

கன்றைப் பெற்றுச் செல்பவர்கள் முதலில் தங்கள் இடத்தைப் பார்க்க வேண்டும். மேலே மின்கம்பி, கீழே கால்வாய், பக்கத்தில் அண்டை வீட்டுச் சுவர் இவற்றைக் கவனியுங்கள். வரிசை வீட்டுக்காரர்களுக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, முருங்கை போதும். முருங்கைக் கிளை எளிதில் முறியும். ஆகையால் கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். மூலைவீட்டுக்காரர்கள் ஒட்டு மா வைக்கலாம். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள். ஆலும் அரசும் கோயிலுக்கும் திடலுக்கும் உரியவை. அவற்றின் வேர் சுவரையும் கால்வாயையும் பிளந்துவிடும்.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறுபடும். கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் கட்டிய வீடுகளில் மண் பெரும்பாலும் மணலாக இருக்கும்; நீரும் உரமும் தங்கா. அங்கே மக்கிய இலையும் சாணமும் ஆண்டுதோறும் இட வேண்டும். ரப்பர் தோட்டம் இருந்த நிலத்திலோ பழைய அடிக்கட்டைகளில் வெள்ளை வேர் நோய் ஒளிந்திருக்கும். வெள்ளை நூல் போன்ற பூசணம் வேரோடு வேராகப் பரவி, நல்ல மரத்தையும் சாய்க்கும். பலாவும் மரவள்ளியும் அதற்கு எளிதில் இரையாகும். கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்த பிறகே நடுங்கள்.

வேப்ப மரம் வறண்ட நாட்டு மரம். நமக்கோ ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. நீர் தேங்கும் பள்ளத்தில் வேம்பை நட வேண்டாம். மாமரமும் பூப்பதற்குச் சில வாரம் வறட்சியை விரும்பும். பெர்லிஸ் மாநிலத்தில் ஹருமானிஸ் மாம்பழம் பெயர்பெற்றதும், நம் தம்பூனில் பம்பளிமாஸ் பெயர்பெற்றதும் அந்தந்த மண்ணும் மழையும் தந்த வரம்.

நல்ல கன்று எது?

நாற்றுக்கடையில் உயரமான கன்றையும் காய் தொங்கும் கன்றையுமே பலர் தேடுகிறார்கள். பையின் அடியைப் பாருங்கள். வேர் பைக்குள் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுற்றிய வேர் பிற்காலத்தில் தன் மரத்தின் கழுத்தையே நெரிக்கும். தண்டு அடியில் தடித்து மேலே மெலிந்து, கோலின் துணையின்றி நிற்க வேண்டும். பட்டையில் காயம் கூடாது. ஒட்டுக்கன்றாயின் ஒட்டிய இடம் நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுக்கன்றுகளோடு வாழ்ந்த நமக்கு இது புதிய பாடமன்று.

நடும் முறை

குழி, வேர்ப்பந்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் வேர்ப்பந்தின் அளவே போதும். பிளாஸ்டிக் பையை முற்றிலும் அகற்றுங்கள். தண்டு விரிந்து வேராகும் இடம் தரைமட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். நான் செய்த தவற்றைச் சிறிய அளவில் நீங்களும் செய்துவிடாதீர்கள். காய்ந்த இலைகளை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குச் சுற்றிலும் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் இடைவெளி விடுங்கள். ஊன்றுகோல் கட்டினால் ஓராண்டுக்குள் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மறந்துபோன நைலான் கயிறு கொன்ற மரங்கள் பல. அண்டாவிலும் தொட்டித் தட்டிலும் நீர் தேங்கவிட்டு டிங்கிக் கொசுவை வளர்க்காதீர்கள்.

கத்தி பிடித்தவர்களின் அறிவு

என் தாயாரும் பால்மரம் சீவியவர். கத்தி மரக்கட்டையைத் தொட்டுவிட்டால் மண்டோர் ஏசுவார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய தோலில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் இப்பால் கத்தியை நிறுத்துவதே அவர்களுடைய கைத்திறன். பள்ளிக்கூடம் போகாத அந்தக் கைகள் அறிந்ததை, படித்த நான் ஆணி அடிக்கும்போது மறந்தேன்.

மரக்காயம் நம் காயத்தைப்போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியை மரம் உள்ளுக்குள் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, மேலே புதிதாக வளர்கிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். ஆகவே கிளையை வெட்டும்போது, அது தண்டோடு சேருமிடத்தில் உள்ள தடித்த வளையத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்டுங்கள். கனமான கிளையானால் முதலில் அடிப்பக்கம் சிறிது அறுத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். தலையை மொட்டையடிக்கும் வழக்கம் வேண்டாம். அதன்பின் முளைக்கும் கிளைகள் வலுவற்றவை. புயற்காற்றில் அவையே முதலில் முறியும். காயத்தில் தார் பூசுவதாலும் பயனில்லை.

அடியில் காளான் முளைத்தாலும், மரம் திடீரெனச் சாய்ந்தாலும், வேரருகே மண் வெடித்தாலும் காத்திராமல் தெரிந்தவர்களை அழைத்துக் காட்டுங்கள். சாலையோர மரமாயின் மாநகர் மன்றத்திடம் தெரிவியுங்கள்.

பிள்ளை மரம்

அன்பர்களே, அந்தத் தாயாரின் கதை அத்துடன் முடியவில்லை. மரம் நன்றாக இருந்த காலத்தில் அதன் பழங்களைப் பொறுக்கி, மைலோ டின்னில் விதைத்து, மகள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு வேம்பை அவர் வளர்த்திருந்தார். அதன் அடியில் முளைத்த ஒரு கன்றை அவரே கொண்டுவந்து, பழைய மரம் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நட்டார். "இதுக்கு மேடை வேணாம் தம்பி, மண்ணே போதும்" என்று மட்டும் சொன்னார். இன்று அது கோயில் கூரைக்கு மேல் நிற்கிறது.

அதன் விதையில் வந்த கன்றுகளும் இவ்வாண்டு உங்களுக்கு வழங்கப்படும் கன்றுகளில் உண்டு.

நன்கொடையாளர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். இனி மரத்துக்கு உபயம் செய்ய விரும்புவோர் சிமெண்டு மேடை கேட்க வேண்டாம். மரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு சிறு கம்பி வேலி, விளக்கேற்ற அதற்கு வெளியே ஒரு பீடம், ஆண்டுக்கொரு முறை இரண்டு வண்டி மக்கிய உரம் ஆகியவற்றைக் கொடுங்கள். மஞ்சள் துணியைத் தளர்த்திக் கட்டி, பழையதாகும்போது அவிழ்த்துவிடுங்கள். கல்வெட்டில் உங்கள் பெயர் மரத்தடியில் இராது, மண்டபத்தில் பொறிப்போம்.

அம்மன் திருவருளால் உங்கள் இல்லங்களும் முற்றங்களும் தழைத்தோங்க வேண்டுமெனப் பிரார்த்திக்கிறேன்.