மருந்து சேரவேண்டிய இடம்



மருந்தைக் கண்டுபிடிப்பது ஒரு சாதனையென்றால், அதைச் சரீரத்தினுள் வேண்டிய இடத்தில், மற்ற அவயவங்களுக்குக் கேடு விளையாதபடி கொண்டுசேர்ப்பது அதற்குச் சற்றும் குறையாத சாதனை. நாஞ்சில் நாட்டாருக்கு இதை விளக்க அதிகப் பிரயாசை வேண்டியதில்லை. பேச்சிப்பாறை அணை நிரம்பியிருந்தால் மட்டும் கடைமடையில் நெல் விளைந்துவிடாது. கரை உடையாமல் கால்வாய் வழியே நீர் அங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை இம்மண்ணின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனிலும் இன்னொருவருக்கு நெய்யிலும் வேறொருவருக்கு வெந்நீரிலும் குழைத்துக் கொடுத்த நம் சித்த வைத்தியர்களும் அனுபானத்தை அலட்சியமாக எண்ணியவர்கள் அல்லர்.

ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்தின் சரித்திரத்தைப் பாருங்கள். வெனிசுவேலா நாட்டு ஓரினோகோ நதிப் பிரதேசத்து மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, பூஞ்சையின் செல் சவ்விலுள்ள எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு அச்சவ்வைத் துளைத்துவிடும். ஆனால் நம்முடைய செல்களிலுள்ள கொலஸ்டிராலையும் அது ஓரளவு பற்றுவதனால், மருந்து ஏறும்போதே நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் காண்பதும், நாளடைவில் சிறுநீரகம் பழுதுபடுவதும் சகஜமாயின. உயிரைக் காக்கும் மருந்தைப் பாதியில் நிறுத்தவேண்டிய தர்மசங்கடம் எத்தனையோ மருத்துவர்களுக்கு நேர்ந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க நம் தேசத்தில் உழைத்தவர்களில் பிமல் குமார் பச்சாவத் முதன்மையானவர். 1925-ல் பிறந்த அவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ஜேக்கப் சாண்டி நிறுவிய நரம்பியல் துறையில் 1957-ல் சேர்ந்து, சுமார் இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டிலேயே இருந்து, மூளை நோய்களின் ரசாயனத்தை ஆராய்ந்தவர். கொழுப்போடும் சர்க்கரையோடும் அங்கே பழகிய அநுபவம் பின்னால் பெரும் பிரயோஜனமாயிற்று. பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு நீரில் தானாகவே நுண்குமிழிகளாகச் சுருண்டுகொள்வதை அலெக் பாங்கம் 1960-களில் இங்கிலாந்தில் விளக்கியிருந்தார். லிப்போசோம் எனப்படும் அக்குமிழிகளில் மருந்தை ஏற்றலாம் என்பதும் விரைவிலேயே தெளிவாயிற்று. கல்கத்தாவுக்குச் சென்ற பச்சாவத்தின் குழுவினர் அக்குமிழிகளின் மேற்பரப்பில் வெவ்வேறு சர்க்கரைகளைப் பொருத்திப் பரிசோதித்தார்கள். காலக்டோஸ் பொருத்திய குமிழியைக் கல்லீரலின் பிரதான செல்கள் ஏற்கும். மானோஸ் பொருத்தியதை அதே கல்லீரலின் வேறுவகைச் செல்கள் ஏற்கும். ஒரே அவயவத்திற்குள் இன்ன செல் என்று குறித்து மருந்தை அனுப்ப வழி உண்டென்று காட்டிய இந்த ஆராய்ச்சியை நான் மிக உயர்ந்ததாக மதிக்கிறேன்.

பிற்பாடு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அவரும், பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் நிலிமா க்ஷீரசாகரும் உழைத்ததன் பலனாக ஆம்போடெரிசின் ஏற்றிய லிப்போசோம் இந்தியத் தயாரிப்பாகவே வெளிவந்தது. 1996-ல் காலமான பச்சாவத், 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் பரவி, இவ்வகை மருந்துக் குப்பிகளைத் தேடித் தேசமெங்கும் குடும்பங்கள் அலைந்த நாட்களைக் காணவில்லை.

இனி, பட்டம் பெறும் இளைஞர்களே, உங்கள் கடமைக்கு வருகிறேன். பழைய ஆம்போடெரிசினும் லிப்போசோம் ஆம்போடெரிசினும் ஐம்பது மில்லிகிராம் குப்பிகளில், மஞ்சள் நிறப் பொடியாக வருவதுண்டு. முன்னதை உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஒரு நாளில் கொடுக்கலாகாது. பின்னதை ஐந்து மில்லிகிராமும், கடும் நோயில் அதற்கு மேலும் கொடுப்பார்கள். ஒன்றன் அளவில் மற்றொன்றை ஏற்றியதால் இருதயம் நின்று நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். கரைக்கும் முறையிலும் கவனம் வேண்டும்: பொடியாக வரும் லிப்போசோமை முதலில் ஊசிக்குரிய கிருமியற்ற நீரில் குலுக்கி, வடிகட்டி, பின்னரே டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவேண்டும், உப்புநீர் கூடாது.

ஆசாரிப்பள்ளத்திலோ நெய்யூரிலோ, கடல் கடந்த தேசத்திலோ, எந்த மருத்துவமனையில் பணியேற்றாலும், குப்பியின் மேலுள்ள பெயரை முழுமையாகப் படியுங்கள். ஐயம் எழுந்தால், யார் அவசரப்படுத்தினாலும், மருத்துவரைக் கேட்டுத் தெளிந்த பிறகே மருந்தைக் கையிலிருந்து விடுங்கள்.