கார்டு வரம்பைக் கூட்டிக் கேட்கலாமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். எஞ்சினீயர் என்றால் எந்திரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று சட்டமில்லை. வேலைக்குப் போன ஆறாவது மாதத்தில் ஜூனியர் பையன்கள் போன் பண்ணிக் கேட்கிற கேள்வி எந்திரத்தைப் பற்றியதும் இல்லை. "அண்ணே, கார்டுக்கு முப்பதாயிரம்தான் லிமிட் கொடுத்திருக்கான். கூட்டிக் கேட்கலாமா, வேண்டாமா?" இதுதான் கேள்வி.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கடன் நமக்குப் புதிதில்லை. ராஜேந்திரனின் தகப்பனார் ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு வந்த காசை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. நம் கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். வாங்கியது சபை. அந்தச் சபைக்குப் பின்னால் விளைநிலம் இருந்தது. இன்றைக்கு நம் பையன் கையில் இருக்கும் கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்பது சர்வ சாதாரணம். ஆண்டுக்கு 42 சதவீதம் ஆகிறது. பின்னால் நிலமும் இல்லை, சபையும் இல்லை. அவன் சம்பளம் மட்டும்தான்.

இதனால் கார்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பேரைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

ஒருவன் ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையன். முந்திரிக்காடு வைத்திருக்கிற குடும்பம். "கடன் வாங்காதே" என்று அப்பா சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன். லிமிட்டைக் கூட்டுகிறோம் என்று வங்கியிலிருந்து இரண்டு முறை செய்தி வந்தும் மறுத்துவிட்டான். ஒருநாள் ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. திருச்சி ஆஸ்பத்திரியில் முன்பணம் ஒன்றரை லட்சம் கட்டச் சொன்னார்கள். கார்டில் முப்பதாயிரம்தான். மீதிக்கு ஊரில் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து அஞ்சு வட்டிக்கு வாங்கினார்கள். அஞ்சு வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு யார் சட்டம் பார்ப்பார்கள்? கார்டில் இடம் இருந்திருந்தால் ஒரு மாத அவகாசமாவது கிடைத்திருக்கும். அதற்குள் நகையை வைத்து அடைத்திருக்கலாம்.

இன்னொருவன் கேட்டு வாங்கினான், மூன்று லட்சம் வரை. தங்கை கல்யாணத்துக்கு மண்டபம், பந்தல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் தேய்த்தான். பிறகு மாதா மாதம் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் அம்மாவின் நகை சும்மா பெட்டியில் இருந்தது. நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் பாதிகூட வராது. அடகு வைத்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம், கார்டு என்றால் யாருக்கும் தெரியாதாம்! இந்தக் கௌரவம் பல வீடுகளைச் சாப்பிட்டிருக்கிறது.

அந்தக் குறைந்தபட்சத் தொகையைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். பாக்கி 50,000. வட்டி மூன்றரை சதவீதம், 1,750 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 315. மொத்தம் 2,065. குறைந்தபட்சம் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,500. அசலில் கழிவது வெறும் 435 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே யாரோ உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

சரி, கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? சிபில் மதிப்பெண் தெரியும், 300-லிருந்து 900 வரை. வாங்கிய லிமிட்டில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறோம் என்பதும் அதில் சேர்கிறது. டிரான்ஸ்பார்மர் மாதிரிதான். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் எந்நேரமும் 90 ஓடினால் நமக்கே பயமாயிருக்கும் இல்லையா? நாற்பதாயிரம் லிமிட்டில் மாதம் முப்பத்திரண்டாயிரம் செலவழித்து முழுசாகக் கட்டுகிறவன்கூட வெளியிலிருந்து பார்த்தால் 80 சதவீதம் ஓடுகிறவன்தான். அதே செலவு, லிமிட் ஒரு லட்சமானால் 32 சதவீதம். இவனுக்குக் கூட்டிக் கேட்க நியாயம் இருக்கிறது. செலவு கூடப்போகிறது என்பதற்காகக் கேட்கிறவனுக்கு இல்லை.

கார்டு வாங்கி ஆறு மாதமாவது, ஒரு வருடம் ஆனால் இன்னும் நல்லது, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்க வேண்டும். சம்பளம் கூடினவுடன் சம்பளச் சீட்டையும் பாரம் 16-ஐயும் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் உங்கள் கடன் அறிக்கையை நீங்களே பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கட்டி முடித்த கடன் பாக்கி என்று நிற்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள். ஒரு வங்கி மறுத்தால் அடுத்த வாரமே நாலு வங்கியில் விண்ணப்பம் போடாதீர்கள், அத்தனை விசாரணையும் அறிக்கையில் ஏறும். மறுப்பது உங்கள்மேல் உள்ள கோபத்தினாலும் இல்லை. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டு கடனுக்கு வங்கிகள் கணக்கிட வேண்டிய இடர் எடையை 125-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதனால் அவர்கள் கையும் கொஞ்சம் இறுகிற்று.

நீங்கள் கேட்காமலே கூட்டுகிறோம் என்று வந்தால்? உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கூட்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதி. போனில் "சரி சார், சரி சார்" என்று சொல்லி வைக்காதீர்கள். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை.

முதல் கார்டே கிடைக்காத தங்கைகளும் இங்கே இருக்கிறார்கள். வங்கியில் ஒரு சிறு வைப்புத்தொகை போட்டு அதன்மேல் கார்டு வாங்கலாம். லிமிட் அந்தத் தொகைக்குள்தான் இருக்கும். பேருந்துச் சீட்டும் போன் ரீசார்ஜும் அதில் போட்டு ஒரு வருடம் சரியாகக் கட்டிவந்தால் பெயருக்கு ஒரு கணக்கு உண்டாகிவிடும்.

ஜெயங்கொண்டம் பையனின் அப்பா இப்போது நன்றாயிருக்கிறார், காட்டுக்குப் போய் வருகிறார். பையன் போன மாதம் வரம்பை இரண்டு லட்சமாக்கக் கேட்டு வாங்கினான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். சொல்லிவிடுடா என்றேன். சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள்.