சொல்லை நிறுக்கும் துலாக்கோல்

(திங்கள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மண்ணை விற்றார்கள், நீரை விற்றார்கள், இற்றை நாளில் சொல்லையும் ஏலத்தில் விற்கின்றார்கள். இது புனைந்துரையன்று, நொடிதோறும் நடைபெறும் உலக வணிகம். ஒருவர் தம் அலைபேசியில் தேடுபொறியைத் திறந்து, 'தையற்பொறி' என்று ஒரு சொல்லை இட்டுத் தேடுகின்றார். விடை திரையில் தோன்றும் அச் சிறுபொழுதுக்குள் அச்சொல்லின்மேல் ஓர் ஏலம் நடந்து முடிந்து விடுகின்றது. விடைகளின் தலைமாட்டில் எந்த வணிகரின் விளம்பரம் நிற்பது, அதனைச் சொடுக்கினால் அவ்வணிகர் எவ்வளவு கொடுப்பது என்பனவெல்லாம் அங்கே முடிவாகிவிடுகின்றன. தேடியவர் அதனை அறியார்.

இவ்வணிகம் சிறிதன்று. 'தேடலும் பிறவும்' என்னும் தலைப்பின்கீழ் மட்டும் கூகுளின் தாய் நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 19,800 கோடி அமெரிக்கத் தாலர். எனவே, சொல்லை நிறுக்கும் அத் துலாக்கோல் எவ்வாறு இயங்குகின்றது, அதனைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்னும் இரண்டையும் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் சந்தையில் விலைபோவானேயன்றி விலை பேசான்.

முதலில் இது தோன்றிய வரலாற்றைக் காண்போம். 1998-இல் அமெரிக்காவில் பில் கிராசு என்பார் தொடங்கிய 'கோட்டூ' என்னும் தேடுபொறி, திறவுச்சொற்களை ஏலத்தில் விட்டது. அங்கு நெறி ஒன்றே: மிகுதியாகக் கொடுப்பவனுக்கு மேலிடம். பணமே தரம், வேறு தரமில்லை. 'ஓவர்ச்சர்' எனப் பின்னர்ப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2003-இல் யாகூ வாங்கியது.

அம்முறையில் இரு கேடுகள் விளைந்தன. மிகுபணம் உடையவன், தேடியவனுக்குச் சற்றும் தொடர்பில்லாத பொருளைக் கொண்டுவந்து தலைவாயிலில் நிறுத்தினான்; இது முதற் கேடு. ஒவ்வொருவரும் தாம் கூறிய விலையையே கொடுக்க வேண்டியிருந்தமையால், ஓயாமல் விலையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தனர், அவ் வேலைக்கென்றே கணினி நிரல்களை ஏவினர், விலை ஓரிடத்தில் நிலைபெறாது அலைந்தது, இது மற்றொன்று.

கூகுள் தன் விளம்பர அமைப்பை 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. 2002-இல் அதனை மாற்றி, ஏலத்தில் இரு புதுமைகளைப் புகுத்தியது. ஒன்று, வென்றவன் தான் கூறிய விலையைக் கொடுக்க வேண்டுவதில்லை. தனக்கு அடுத்து நிற்பவனை வெல்லப் போதிய அளவு கொடுத்தாற் போதும். இதற்கு உறவான இரண்டாம் விலை ஏலத்தைப் பொருளியல் அறிஞர் விக்ரி 1961-இலேயே ஆராய்ந்திருந்தார். அவர் 1996-இல் நோபல் பரிசு பெற்றார். மற்றொன்று, விலையை மட்டும் பாராமல், அவ்விளம்பரத்தை மக்கள் எத்துணை விழுக்காடு சொடுக்குகின்றனர் என்பதையும் சேர்த்து நிறுத்தது. 2005-இல் இதற்குத் 'தர மதிப்பெண்' என்னும் பெயர் அமைந்தது. யாகூவும் 2007-இல் இந்நெறிக்கே வந்து சேர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரே சொல்லுக்கு இரு வணிகர் போட்டியிடுகின்றனர் என்று கொள்க. முதல்வர் ஒரு சொடுக்குக்கு 40 உருபா தர முன்வருகின்றார். அவர் விளம்பரத்தின் தரம் 2. இரண்டாமவர் 20 உருபாவே தருவார். அவர் விளம்பரத்தின் தரம் 5. விலையையும் தரத்தையும் பெருக்கினால், முதல்வர்க்கு 80, இரண்டாமவர்க்கு 100. பாதி விலையே கூறியவர் மேலிடம் பெறுகின்றார். அவர் கொடுக்கவேண்டியதும் 20 உருபா அன்று. 80-ஐத் தம் தரமாகிய 5-ஆல் வகுக்க வரும் 16 உருபாவுக்குச் சற்றே மேல். இன்றைய கணக்கில் வேறு பல கூறுகளும் சேர்ந்துள்ளன. ஆயினும் அடிப்படை இதுவே.

தரம் என்பதை எவற்றால் அளக்கின்றனர்? கூகுள் வெளியிட்டுள்ள விளக்கத்தின்படி அளவைகள் மூன்று.

முதலாவது, எதிர்பார்க்கப்படும் சொடுக்கு. அச்சொல்லைத் தேடுவோர் இவ்விளம்பரத்தைச் சொடுக்குவரா என்னும் முன்கணிப்பு. மேலிடத்தில் நிற்பதனாலேயே மிகுதியான சொடுக்குக் கிடைக்குமாதலின், இடத்தால் வந்த ஆக்கத்தைக் கழித்துவிட்டே இதனைக் கணிக்கின்றனர்.

இரண்டாவது, பொருத்தம். தேடியவன் நாடிய பொருளும் விளம்பரம் கூறும் பொருளும் ஒன்றுகின்றனவா என்பது. தையற்பொறி வாங்க வந்தவனிடம் துணி விற்க நின்றால் பொருத்தம் குன்றும்.

மூன்றாவது, சொடுக்கியவன் சென்று சேரும் பக்கத்தின் நிலை. வாயிலில் சொன்ன பொருள் உள்ளே உண்டா, எளிதாகக் காணக் கிடைக்கின்றதா, அலைபேசியிலும் தடையின்றித் திறக்கின்றதா என்பன இதன்பாற்படும்.

இம்மூன்றையும், அதே சொல்லுக்குக் கடந்த 90 நாள்களில் விளம்பரம் தந்த பிறரோடு ஒப்பிட்டு, நடுத்தரம், அதனின் மேல், அதனின் கீழ் என மூவகைப்படுத்துகின்றனர். அவற்றைத் திரட்டி ஒன்று முதல் பத்துவரை ஒரு மதிப்பெண் தருகின்றனர். ஆயின், இங்கு ஒரு நுட்பம் உண்டு. வணிகர் கண்ணுக்குக் காட்டப்படும் இப் பத்து மதிப்பெண், ஏலத்தில் நேராகப் பயன்படுவதன்று. அது நோய் காட்டும் குறி மட்டுமே. ஏலத்துக்குரிய தரம், ஒவ்வொரு தேடலின்போதும், தேடுபவரின் இடம், பொழுது, கருவி முதலியவற்றையும் நோக்கிப் புதிதாகக் கணக்கிடப்படுகின்றது. அக்கணக்கை வணிகர் காணார். காட்டப்படும் எடைக்கல் ஒன்று. நிறுக்கும் எடைக்கல் வேறொன்று.

இம்முறையின் நன்மையை மறைத்தல் அறமன்று. பணம் ஒன்றே ஆண்ட சந்தையில் பயன் என்னும் மற்றோர் அளவையை இது கொணர்ந்தது. சிறு வணிகனும் தன் சொல் பொருத்தத்தால் பெரு வணிகனை வெல்ல வழி பிறந்தது. நேர்மையாக எழுதியவனுக்கு விலை குறைந்தது. நெறி நன்றே.

ஆனால், நெறி நன்றாயிருத்தல் வேறு; கோல் பிடித்த கை நன்றாயிருத்தல் வேறு. இங்குச் சொல்லை விற்பவனும் அவனே. தரத்தை நிறுப்பவனும் அவனே. விலையைப் பெறுபவனும் அவனே. இம்மூன்றும் ஒருவன் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்க முறைமன்றமே ஆய்ந்து உரைத்தது.

அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2024-ஆம் ஆண்டு ஆகத்து 5-ஆம் நாள் நடுவர் அமித் மேத்தா தீர்ப்பளித்தார். தேடலிலும் தேடலைச் சார்ந்த எழுத்து விளம்பரத்திலும் கூகுள் முற்றுரிமை கொண்டிருந்ததென்றும், அதனைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துவந்ததென்றும், போட்டியாளர்க்கு அஞ்சாது எழுத்து விளம்பரத்தின் விலையை உயர்த்த வல்லதாயிருந்ததென்றும் அவர் கண்டார். விலையை உயர்த்திய வழிகளுள் ஒன்று தரத்தையே தொட்டது. வென்றவருக்கு அடுத்து நிற்பவரின் தரக்கணிப்பைச் சற்று உயர்த்திவிடுதலே அவ்வழி.

முன்னைய எடுத்துக்காட்டையே மீண்டும் எண்ணிப் பாருங்கள். தோற்றவரின் தரம் 2. அதனை இரண்டேகால் ஆக்கினால் 40-ஐ அதனாற் பெருக்க 90 வரும். வென்றவர் இன்னும் 100-இலேயே நிற்கின்றார், வெற்றியும் அவருக்கே. ஆனால் அவர் கொடுக்கும் விலையோ 90-ஐ 5-ஆல் வகுத்த 18 உருபாவாகிவிட்டது. அவர் விளம்பரம் கெடவில்லை. அவர் கேட்ட விலையும் மாறவில்லை. எங்கோ ஒருவரின் எடைக்கல்லைத் தொட்டதனால் இவர் பையிலிருந்து 2 உருபா மிகுதியாயிற்று. ஒரு சொடுக்குக்கு இரண்டு உருபா எனின், கோடிக்கணக்கான சொடுக்குகளுக்கு எவ்வளவு என்பதைக் கணக்கறிந்தோர் எண்ணுக!

2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நடுவர் தீர்வுகளை வகுத்தபோது, விளம்பர ஏலத்தில் செய்யும் தலையாய மாற்றங்களைக் கூகுள் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்றார். தான் வாங்கிய சொல்லுக்கு மட்டுமே தன் விளம்பரம் தோன்றும் பழைய துல்லியப் பொருத்தத்தை மீட்டுத் தரவேண்டும் என்ற வேண்டுகோளை அவர் ஏற்கவில்லை. சொல்லொன்று வாங்க, அதற்கு 'அதே பொருள்' உடையதெனப் பொறி கருதும் பிற சொற்களையும் சேர்த்து வாங்கும் நிலை தொடர்கின்றது. இன்ன சொல்லுக்கு இன்னது பொருள் என்று முடிவு செய்யும் உரிமையும் ஆங்கே பொறியின் கையில்.

இனி, தமிழுக்கு இங்கு என்ன வேலை என்று வினவலாம். உண்டு. கூகுள் தன் விளம்பர அமைப்பின் வாயிலை இந்திக்கு 2014-இலும் வங்காளத்துக்கு 2017-இலும் திறந்தபின், 2018-இல்தான் தமிழுக்குத் திறந்தது. வாயில் திறந்துவிட்டது, உள்ளே தமிழின் நிலை என்ன என்பதே வினா.

அவ் அமைப்பில் ஒரு வரையறை உண்டு. ஒரு சொல்லை மிகச் சிலரே தேடுகின்றனர் எனின், 'தேடல் குறைவு' என்று குறித்து, அச்சொல்லை ஏலத்தில் நுழையவிடாமல் நிறுத்தி வைப்பர். தேடுவோர் பெருகினால் மட்டுமே அது மீண்டும் உயிர்பெறும். போதிய தேடல் இல்லாத சொல்லுக்கு மதிப்பெண்ணும் கிடையாது. அதற்குரிய இடத்தில் ஒரு சிறு கோடுதான் நிற்கும். பழஞ்சொல்லா, இனிய சொல்லா, இலக்கணம் வழுவாச் சொல்லா என்று அத் துலாக்கோல் பார்ப்பதில்லை. மக்கள் அதனை இட்டுத் தேடினரா என்பதொன்றே அதற்குக் கணக்கு.

இதன் விளைவை எண்ணுதல் வேண்டும். வீட்டில் 'தையற்பொறி' என்று சொல்லி, தேடும்போது ஆங்கிலச் சொல்லை இடுவானாயின், அத்தமிழன் ஆங்கிலச் சொல்லின் எடையைக் கூட்டித் தமிழ்ச் சொல்லின் எடையைக் குறைக்கின்றான். வணிகனோ எடையுள்ள சொல்லையே வாங்குவான். அவன் ஆங்கிலத்தை வாங்க, விளம்பரம் ஆங்கிலத்தில் வரும். அதனைக் கண்டு பழகியவன் மீண்டும் ஆங்கிலத்திலேயே தேடுவான். இச்சுழலில் தமிழ்ச்சொல் பகைவனால் வீழ்வதில்லை. தமிழனின் விரல் நுனியால் வீழ்கின்றது. மேடையில் வாழ்த்தப்பட்ட சொல், துலாக்கோலில் ஏறாமலே கீழே கிடக்கின்றது.

இதனை மாற்றும் வழியும் அதே விரல் நுனியில்தான் உள்ளது. தேடுவோர் தமிழெழுத்தில் தமிழ்ச்சொல்லை இட்டுத் தேடுக. வணிகர், தம் பொருளுக்குரிய தமிழ்ச் சொல்லைத் திறவுச்சொல்லாகக் கொள்க. மக்கள் வாயில் வழங்கும் சொல்லையும் செப்பமான சொல்லையும் இணைத்தே இடுக. தமிழில் விளம்பரம் எழுதிவிட்டு, சொடுக்கி வந்தவனை ஆங்கிலப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துதல் கூடாது. அது வந்தவனுக்கு ஏமாற்றம். மூன்றாம் அளவையில் தாழ்வுக்கும் வழி. பக்கமும் தமிழிலேயே அமைக. அறிஞர், இக் கோலின் இயக்கத்தைத் தமிழில் எழுதி எளிய வணிகர்க்கும் எட்டச் செய்க. கோல் பிடித்த கையை முறைமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாளா இருத்தல் ஆகாது. அக்கை செய்வது இன்னதென அறிந்த வணிகனே கேள்வி கேட்பான்.

சொல் பேணுதல் என்பது அதனைப் பேழைக்குள் பூட்டி வைத்தலன்று. அதனை வழங்கி வாழ்வித்தல். வழங்காத சொல்லுக்கு எந்தக் கோலும் எடை காட்டாது. வழங்கும் சொல்லை எந்தக் கோலும் மறைக்க இயலாது.

வழங்குவோம், வாழ்விப்போம்! வாழ்க தமிழ்!