நூதனசாலைத் தோட்டத்தில் நவீன சிற்பம்



சிற்பம் என்றதும் நம்மவர் நினைவு கோயிற் கோபுரத்துக்கோ சந்தியில் நிற்கும் தலைவரின் சிலைக்கோ செல்லும். முன்னதைக் கைகூப்பி வணங்குகிறோம். பின்னதற்கு ஆண்டுக்கொரு முறை மாலை சூட்டுகிறோம். வணக்கத்தையும் மாலையையும் கேளாத மூன்றாவது வகையொன்றும் உண்டு. அதுதான் நவீன சிற்பம். அதற்குப் பொருத்தமான இடம் எது என்பதே இன்றைய பேச்சு.

சென்னை மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை உங்களிற் பலர் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். நான்கு ஆடவர் பெரும் பாறையொன்றைப் புரட்ட முனைகிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் அதிபராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அது, 1959 இல் அங்கு நிறுவப்பட்டது. அந்த நால்வருக்கும் பெயரில்லை. அம்பாப் பாட்டோடு கரைவலை இழுக்கும் நம் மீனவரின் முதுகும் தோளுமே எனக்கு அங்கே தெரிகின்றன. அதே சிற்பத்தின் இன்னொரு வார்ப்பு, 1954 இல் தொடங்கப்பட்ட புதுடில்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் வளாகத்தில் திறந்த வெளியில் நிற்கிறது. ஒன்று தெருவின் பிள்ளை. மற்றது நூதனசாலையின் பிள்ளை.

நூதனசாலைத் தோட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பது. மண்டபத்துக்குள் நுழையக் கூச்சப்படுகிறவரும் மரநிழலுக்கு வருவார். வந்தவர் சிற்பத்தைச் சுற்றி நடந்து பார்ப்பார். ஆனால் நிறுவுவது எளிதன்று. பாரந்தூக்கி வரும் வழி, மணல் நிலம் தாங்கும் கொங்கிறீற்று அத்திவாரம், பீடத்தின் உயரம் எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். பீடம் உயர்ந்தால் சிற்பம் தலைவராகிவிடும். தாழ்ந்தால் நம்மோடு நிற்கும். கடற்கரையில் உப்புக்காற்று வெண்கலத்தையும் அரிக்கும். இரும்பைச் சொல்லவே வேண்டாம். கழுவித் துடைத்து மெழுகு பூசிக் காக்கும் கை வேண்டும். அந்தக் கையைத் தரக்கூடியது நூதனசாலை.

நூதனசாலை சிலையைக் கண்ணிலிருந்து மறைக்கும் இடமாகவும் ஆகலாம். சிலப்பதிகாரம் கற்பிக்கும் எனக்கு 2001 டிசெம்பர் மறப்பதில்லை. மெரினாவிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டு, எழும்பூர் அரசு நூதனசாலையில் வைக்கப்பட்டது. ஆட்சி மாறிய பின், 2006 யூனிலேயே அது கடற்கரைக்கு மீண்டது. பெயருள்ள சிலைக்கு ஒரு கட்சி இருந்தால், ஓர் எதிர்க்கட்சியும் இருக்கும்.

இதை நம் கரையில் வைத்து எண்ணிப் பாருங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. முஸ்லிம்களும் தமிழரும் பேசும் மொழி ஒன்றே. இங்கே பெயர் பொறித்த ஒரு சிலை எளிதில் எல்லைக்கல்லாகிவிடும். உருவச்சிலையில் நம் முஸ்லிம் சகோதரர்களுக்குள்ள தயக்கமும் மதிக்கப்பட வேண்டியது.

நவீன சிற்பத்தில் இதற்கு வழியுண்டு. ருமேனியாவின் தர்கு ஜியு நகரில் 1938 இல் பிரான்குசி ஒரு தூணை எழுப்பினார். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டு, ஏறத்தாழ 29 மீற்றர் உயரும் அத்தூணில் முகமுமில்லை, தெய்வமுமில்லை. முதலாம் உலகப்போரில் அந்நகரைக் காத்து மடிந்தவர்களின் நினைவுச்சின்னம் அது.

2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவர்களை நாம் மையவாடியிலும் மயானத்திலுமாக வேறுவேறாக அடக்கினோம். அது அவரவர் மார்க்கம், அவரவர் முறை. ஆனால் அவர்களை ஒன்றாக நினைக்க ஓரிடம் வேண்டாமா? நம் கரையில் ஒரு நூதனசாலை எழுமாயின், அதன் தோட்டத்தில் முதலில் நிற்க வேண்டியது அத்தகையதொரு சிற்பமே. மருதமுனைத் தறியும் மீனவரின் தோணியும் வலையும் அதற்கு வடிவம் தரட்டும். பீடம் தாழ்ந்திருக்கட்டும். பெயர் எதுவும் பொறிக்க வேண்டாம். யாருக்கு என்பதைப் பார்ப்பவர் நெஞ்சு அறியும்.