கேம்ப்பும் கிளப்பும்

மலாக்கா டவுனிலிருந்து கடலோரமாகவே வந்தால் கிளேபாங், அதைத் தாண்டினால் தஞ்சோங் கிளிங். ஹாங் துவா சமாதியைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். சுங்கை ஊடாங் பக்கம் இன்னும் கொஞ்சம் போனால் தெரெண்டாக் ராணுவ முகாம் வரும்.

நாடு சுதந்திரம் பெற்றது 1957இல். முகாம் எழுந்ததோ அதற்குப் பிறகு. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற நேரத்தில் புது முகாம் எதற்கு? அதே 1957இல் பிரிட்டனோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம்தான் காரணம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்று நாட்டுச் சிப்பாய்களும் சேர்ந்த 28ஆவது காமன்வெல்த் படையணி இங்கே வந்து இறங்கியது. பெண்டாட்டி பிள்ளைகளும் கூட வந்தார்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம், குளிக்கக் கடற்கரை என்று அது தனி டவுனாகவே இருந்தது. சமைக்க, துவைக்க, புல் வெட்ட மட்டும் அக்கம்பக்கத்து ஆட்கள் போனார்கள்.

பயிற்சியும் பொழுதுபோக்குமாகவே காலம் ஓடிவிடவில்லை. இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நின்ற காலத்தில், 1964 அக்டோபர் 29 அன்று, கீசாங் ஆற்று முகத்துவாரத்தில் 52 இந்தோனேசியர்கள் படகில் வந்து இறங்கினார்கள். அவர்களை வளைத்துப் பிடிக்கத் தெரெண்டாக்கிலிருந்துதான் ஆஸ்திரேலியப் படை ஓடியது. 1967 மே மாதம் நியூசிலாந்துக் காலாட்படைக் கம்பெனி ஒன்று இங்கிருந்தே நேராக வியட்நாம் போனது.

முகாமுக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வியட்நாமில் செத்த ஆஸ்திரேலியர்கள் சிலரை ஏன் மலாக்காவில் புதைத்தார்கள்? உடலை ஊருக்குக் கொண்டுபோகிற செலவை அப்போது குடும்பமே கட்டவேண்டியிருந்தது. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனுக்கே பில் போட்ட அரசாங்கம் அது! ஜனங்கள் கொதித்த பிறகு, 1966இல், விதியை மாற்றினார்கள். ஆனாலும் ஏற்கனவே புதைக்கப்பட்டவர்கள் இங்கேயே கிடந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல்தான், தெரெண்டாக்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த 33 ஆஸ்திரேலியர்களின் எச்சங்கள் தாயகம் போயின. சிப்பாய்களின் குடும்பத்தாரும் அதில் அடக்கம். 2018இல் நியூசிலாந்தும் தன்னவர்களை எடுத்துப் போனது.

அந்நியப் படையணி 1969 கடைசியில் சிங்கப்பூருக்கு நகர்ந்தது. இன்று தெரெண்டாக்கில் இருப்பது நம் மலேசிய ராணுவம். 10ஆவது பாராசூட் படையணியின் தலைமையகம் அதுதான்.

முகாமுக்கு முள்வேலி என்றால், டவுனில் பண்டார் ஹிலிர் மலாக்கா கிளப்புக்கு வேலியே தேவைப்படவில்லை. 1912 வாக்கில் எழுந்த கட்டடம் அது, இரண்டு பக்கமும் வெங்காய வடிவக் கும்மட்டங்கள். தோட்டத்துத் துரைமார்களும் அரசாங்க அதிகாரிகளும் சாயங்காலமானால் அங்கேதான் கூடுவார்கள். தோட்டத்திலோ நம் தமிழர்களுக்கு இருந்த பொழுதுபோக்கு கள்ளுக்கடை. துரையே அனுமதித்து நடத்தவிட்ட கடை. 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றம் பகுதியை ஒட்டி மணிமன்றங்கள் முளைத்த பிறகுதான், கூடிப் பேசவும் மேடை ஏறவும் நம் இளைஞர்களுக்கு வேறு இடம் கிடைத்தது. துரைமார் கிளப்பைப் பற்றி நாவல் எழுதியவர்கள் உண்டு. மணிமன்றத்தைப் பற்றி யார் எழுதினார்கள்?

அந்தக் கிளப்பின் எதிர்த் திடலில்தான் 1956 பிப்ரவரி 20 அன்று, லண்டனிலிருந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், சுதந்திரத் தேதியை மக்களுக்கு அறிவித்தார். 1985இல் கிளப் கட்டடம் சுதந்திரப் பிரகடன நினைவகமானது. திடல் பக்கம் இப்போது பெரிய ஷாப்பிங் மால். நினைவகத்துக்குள் நுழைகிறவர்களைவிட மாலில் கார் நிறுத்த இடம் தேடுகிறவர்கள்தான் அதிகம்.