கூரை விழுந்தால் யார் பொறுப்பு?

(ஆத்தூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டத்துக்கு வரும் வழியில் சேகோ ஆலைத் தோழர் ஒருவர் என்னை நிறுத்தினார். "அண்ணே, என் அக்கா சென்னையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள். வீட்டுக்குத் தவணை கட்டுகிறாள். நிலமோ அவளுடையதல்ல. நாளைக்குத் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் உண்டா? உண்டென்றால் பணம் யாருக்கு?" என்று கேட்டார். இதையே இன்றைக்குப் பேசுவோம்.

மாடி வீட்டுக்காரர் கதை நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டவரும், ஆலை லயனில் குடியிருப்பவரும் இதே சிக்கலில்தான் இருக்கிறோம்.

பல வருஷங்களுக்கு முன் நம் பக்கத்து ஆலை ஒன்றின் லயன் வீடுகள் தீப்பிடித்தன. பெயர் வேண்டாம். முதலாளி கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸ் செய்திருந்தார். அவருக்குப் பணம் வந்தது. பாய், பாத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் கருகிப்போனவர்களுக்கு என்ன வந்தது? "பாலிசியில் உங்கள் பெயர் இல்லை" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. மாதாமாதம் கூலியில் வாடகை பிடித்தார்களே, பிரீமியம் அந்தப் பணத்திலிருந்துதானே போயிற்று? அன்று இதைக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. இன்று தெரியும்.

இன்ஷூரன்ஸின் அடிப்படை இதுதான்: எந்தச் சொத்தில் எவருக்குப் பாத்தியதை உண்டோ, அவர் பெயரில்தான் பாலிசி, அவருக்குத்தான் பணம். அடுக்கு வீட்டிலோ ஒருவர் கூரை அடுத்தவருக்குத் தரை. மூன்றாம் மாடிக்காரர் தனியாகப் பாலிசி எடுத்தாலும், கீழ் இரண்டு மாடி எழும்பாமல் அவர் வீடு ஆகாயத்தில் நிற்குமா? ஆகவே முழுக் கட்டடத்துக்கும் ஒரே பாலிசி வேண்டும். அதை எடுப்பது யார்? நிலத்துக்காரரா, குடியிருப்போர் சங்கமா? எழுத்தில் இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 27. அரசு வாரியம் 1993இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் விரிசல் கண்டு ஜனங்கள் வெளியேறினார்கள். சற்று நேரத்தில் 24 வீடுகள் தரைமட்டமாயின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சர்க்கார் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, நிவாரணம் வேறு, உரிமை வேறு. நிவாரணம் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. உரிமை காகிதத்தில் இருப்பது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2021 ஏப்ரல் முதல் நாடெங்கும் ஒரே மாதிரியான வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி வந்திருக்கிறது. தீ, வெள்ளம், புயல், பூகம்பம் இவற்றுக்கு அது பணம் தரும். மட்டமான சிமெண்டுக்கும், பராமரிக்காமல் உளுத்த சுவருக்கும் தராது. ஆகவே இன்ஷூரன்ஸைக் காட்டிக் கட்டியவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விடக்கூடாது.

லண்டனிலும் இதே கதைதான். அங்கே வீடு வாங்குவோர் பலர் 99 வருஷம், 125 வருஷம் என்று குத்தகைக்கே வாங்குகிறார்கள். நிலம் ஒரு கம்பெனி கையில். பாலிசி எடுப்பது நிலத்துக்காரர். பிரீமியம் கட்டுவது குடியிருப்பவர். 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் தீப்பிடித்து 72 பேர் மாண்டார்கள். அதன்பின் அடுக்கு வீடுகளின் பிரீமியம் தலைக்கு மேல் ஏறியது. 2022இல் அந்நாட்டு நிதித்துறைக் கண்காணிப்பு ஸ்தாபனம் விசாரித்தபோது, தரகர்கள் தங்கள் கமிஷனில் ஒரு பங்கை நிலத்துக்காரருக்கும் நிர்வாகிக்கும் கொடுத்துவந்தது வெளிப்பட்டது. பணம் கட்டுகிறவருக்குப் பாலிசி விவரம் தெரியவேண்டும், அவர் நலனையும் கம்பெனி பார்க்கவேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 31இல்தான் அமலுக்கு வந்தது. சீமையிலேயே இவ்வளவு காலம் ஆயிற்று!

நம் நாட்டில் வழியே இல்லையா? இருந்தது. 1988 மே மாதம் மத்திய சர்க்கார் கிராமப்புற ஏழைகளுக்குக் குடிசை இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. தீயில் எரிந்த குடிசைக்கு 1,000 ரூபாய், சாமான்களுக்கு 500 ரூபாய். பிரீமியத்தைச் சர்க்காரே கட்டியது. தொகை சொற்பம்தான். ஆனால் ஏழையின் குடிசையும் சொத்து என்பதை அது ஒப்புக்கொண்டது. அதற்கும் முன்னே, 1971இன் குடியிருப்புச் சட்டம், அந்த வருஷம் ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்க வகை செய்தது.

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன?

ஒன்று: தவணை கட்டுகிறவர் ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கட்டி முடித்ததும் கிரயப் பத்திரம் கேளுங்கள்.

இரண்டு: கட்டடத்துக்குப் பாலிசி உண்டா, யார் பெயரில், எவ்வளவுக்கு, என்று முடிகிறது? எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். பதிலைத் தமிழில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

மூன்று: லயன் வீடுகளில் நம் சாமான்களுக்கும் சேர்த்துப் பாலிசி எடுக்கவேண்டும் என்பதைக் கூலி, போனஸ் கோரிக்கையோடு சேருங்கள்.

நான்கு: குடிசைக்கும் வாரிய வீட்டுக்கும் சர்க்கார் செலவில் இன்ஷூரன்ஸ், வருஷந்தோறும் இன்ஜினீயர் சோதனை.

தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். கட்டடம் முழுவதும் சேர்ந்து போனால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள். அந்தத் தோழர் இன்றிரவே அக்காவுக்கு எழுதட்டும்: முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, பிறகு ஆபீஸ் கதவைத் தட்டலாம்!